ரீட்மீயில் பெயரைச் சேர்ப்பதெல்லாம் பங்களிப்பு ஆகாது

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒருநாள் பயிலரங்கு நடத்தினேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள், அறுபது பேருக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), மதியம் கிட்ஹப் (அந்த நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் தளம்), சாயங்காலம் ஆளுக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) என்று திட்டம். துறைத்தலைவருக்கு நிறைவு விழாவில் சொல்ல ஒரு எண்ணிக்கை வேண்டும், எனக்கும் "இன்றைக்கு இத்தனை பேரைத் திறந்த மூல உலகத்துக்குள் கூட்டிவந்தேன்" என்று சொல்லிக்கொள்ள ஆசை. திறந்த மூலம் என்றால் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஒரு சின்ன பைதான் திட்டத்தைத் திரையில் காட்டி, இதில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள் என்றேன்.

அதில் இருந்தது இரண்டே பிழை. மாலை ஐந்து மணிக்குள் நாற்பதுக்கு மேல் புல் ரிக்வெஸ்ட் போய்விட்டது. பிழை கிடைக்காதவர்கள் முற்றுப்புள்ளி சேர்த்தார்கள், காலி வரி சேர்த்தார்கள், ஒருவர் திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பின் கடைசியில் தன் பெயரையும் கல்லூரிப் பெயரையும் எழுதி அனுப்பினார். இரவு பத்து மணிக்கு அந்தத் திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல். இது உங்கள் வகுப்பா, நிறுத்தச் சொல்ல முடியுமா, வேலை முடிந்து வந்து சாப்பிடக்கூட இல்லை, இந்தக் கோரிக்கைகளைத்தான் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று. கோபமாக எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மாணவர்கள் மேல் தப்பில்லை. சொன்னதைச் செய்தார்கள். சொன்னது நான்.

இது என் ஒருவனுடைய கூத்து மட்டும் இல்லை. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014லிருந்து அக்டோபர் மாதங்களில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறந்த மூலப் பங்களிப்பு விழாவை நடத்துகிறது. இத்தனை புல் ரிக்வெஸ்ட் போட்டால் டி-ஷர்ட் என்பதுதான் அப்போது அதன் ஈர்ப்பு. 2020 அக்டோபர் முதல் தேதியிலேயே உப்புச்சப்பில்லாத திருத்தங்கள் கொட்டித் தீர்த்ததில், சில நாளிலேயே விதியை மாற்றவேண்டி வந்தது: எந்தத் திட்டம் தானாக முன்வந்து சேர்கிறதோ அதற்குப் போடுவது மட்டும்தான் கணக்கு. அப்புறம் 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் திட்டத்துக்கு நடந்தது. இணையச் செயலி எழுத நோட் ஜேஎஸ் தொட்ட எல்லோருக்கும் தெரிந்த திட்டம். புல் ரிக்வெஸ்ட் போடுவது எப்படி என்று கற்றுக்கொடுத்த ஒரு காணொளியில் அதை உதாரணமாகக் காட்டிவிட்டார்கள். பார்த்தவர்கள் அப்படியே அதே இடத்தில் போய்ச் செய்து பார்த்தார்கள். ரீட்மீயில் பெயர் சேர்க்கும் கோரிக்கைகள் நூற்றுக்கணக்கில். நம் நாட்டு மாணவர்கள்தான் பெரும்பாலும்.

மாணவர் பக்கம் இது ஐந்து நிமிட வேலை. அந்தப் பக்கம் ஒவ்வொன்றும் ஒரு மின்னஞ்சல், திறந்து பார்க்கவேண்டும், தானியங்கிச் சோதனைகள் ஓடும், நாலு வார்த்தை பதில் எழுதி மூடவேண்டும். நாம் அன்றாடம் நம்பியிருக்கும் பல நிரல் நூலகங்களுக்கு (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல்கள்) பின்னால் சம்பளம் வாங்கும் குழு எதுவும் கிடையாது. ஒருவர் அல்லது இருவர், வேலை முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் கதை ஞாபகம் இருக்கும். 2024 மார்ச்சில் எஸ்எஸ்ஹெச் (தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதில் ஒளித்துவைத்திருந்த பின்கதவை, அதாவது ரகசிய வழியை, கண்டுபிடித்தார். எல்லோரும் பின்கதவைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு உறைத்தது அதற்கு முந்தைய இரண்டு வருடம். உடம்பும் மனசும் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம்தான் என்று அதன் மெயின்டெய்னர் பொதுவெளியில் எழுதுகிறார், அதற்கு வந்த பதில் மேலும் நச்சரிப்பு. அப்படிக் களைத்துப்போன நேரத்தில்தான் உதவுகிறேன் என்று ஒருவன் உள்ளே வந்தான், பின்கதவை வைத்தது அவன்தான். மெயின்டெய்னரின் நேரத்தைத் தின்பது வெறும் நாகரிகக் குறைவு என்று நான் நினைப்பதில்லை. அவரைக் களைக்க வைப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

சரி, அப்படியென்றால் மாணவர்கள் வேண்டாமா? வேண்டும். லினக்ஸை 1991இல் அறிவித்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர். ஆனால் அவர் ஒரு நாளில் பங்களிப்பாளர் ஆகிவிடவேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. தன் கணினியில் தனக்கு வேண்டிய ஒன்று இல்லை, அதை எழுதினார். எங்கள் பயிலரங்கில் விடுபட்டது இந்த 'தனக்கு வேண்டிய ஒன்று'தான்.

இப்போது மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது: உங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தகம் தேடும் கணினியில் ஓடுவது என்ன மென்பொருள்? பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. நான் போன கல்லூரிகளில் பலவற்றில் அது கோஹா. 1999இல் நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்து, இன்று உலகம் முழுக்க ஓடுகிற திறந்த மூல மென்பொருள். கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை. நான்கு வருடம் அதைத் தட்டிக்கொண்டே, பங்களிக்க ஒரு திட்டம் கிடைக்கவில்லை சார் என்று அமெரிக்க நிறுவனங்களின் ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மாணவி (பெயர் வேண்டாம்) நான் இதைச் சொன்ன மறுநாளே நூலகரிடம் போய், இதில் உங்களுக்கு என்ன தொல்லை என்று கேட்டிருக்கிறார். நூலகருக்குக் கேட்க ஆள் கிடைத்ததே பெரிய விஷயம், ஒரு மணி நேரம் கொட்டியிருக்கிறார். முதல் புகார், தமிழ்த் தலைப்பைத் தட்டினால் புத்தகம் வரமாட்டேன் என்கிறது, அலமாரியில் இருக்கிறது, தேடலில் இல்லை. இது பக் (நிரல் பிழை) என்று முடிவுகட்டி அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார் அந்தப் பெண். நான் தடுத்தேன், முதலில் உன் கணினியில் நிறுவிப்பார் அம்மா, ஐந்து தமிழ்ப் புத்தகத்தைச் சேர்த்து, எந்த எழுத்தில் உடைகிறது என்று குறித்துக்கொண்டு வா. நிறுவவே அவருக்கு மூன்று நாள். கோஹா பெர்ல் மொழியில் எழுதப்பட்டது, யாரும் அதைப் பாடத்தில் பார்த்ததில்லை. கடைசியில் தெரிந்தது, அது பக்கே இல்லை. பின்னால் இருக்கிற ஜீப்ரா என்ற தேடுபொறியை பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறையில் அட்டவணை போடும்படி அமைத்தால்தான் நம் எழுத்துகள் ஒழுங்காகப் பிரியும், அந்தக் கல்லூரியில் அப்படி அமைத்திருக்கவில்லை. அறிக்கையை அப்படியே அனுப்பியிருந்தால் எங்கேயோ ஒருவர் அரை நாள் செலவழித்து 'இது அமைப்புப் பிரச்சினை' என்று எழுதி மூடியிருப்பார். அந்த மாணவி என்ன செய்தார் என்றால், எதை மாற்றினோம், மாற்றியபின் மறுபடி அட்டவணையிட என்ன கட்டளை என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி நூலகரிடம் கொடுத்தார். ஒரு கமிட் (பதிவான நிரல் மாற்றம்) கிடையாது, கிட்ஹப்பில் பங்களித்த நாளைக் காட்டும் பச்சைக் கட்டம் கிடையாது. நான் பார்த்த மாணவர் பங்களிப்புகளில் இது முதல் வரிசையில் வரும்.

கோஹாவில் எனக்குப் பிடித்த இன்னொன்று, யாராவது ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) எழுதினால் அதை எழுதாத வேறொருவர் சோதித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும், அதற்கப்புறம் தரப் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் உள்ளே போகும். சோதிக்க ஆள் எப்போதும் பற்றாக்குறை. சாண்ட்பாக்ஸ் என்று நிறுவாமலேயே சோதித்துப் பார்க்க வசதி வைத்திருக்கிறார்கள், பிரவுசர் இருந்தால் போதும். நிரல் எழுதத் தயங்குகிற மாணவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது, ஏனென்றால் இங்கே அவர் யாருடைய நேரத்தையும் எடுப்பதில்லை, கொடுக்கிறார்.

நமக்கென்று ஒரு சாதகமும் உண்டு. பைதானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள், 5 என்று சொல்லும். நமக்கு எழுத்து மூன்றுதான். ஆனால் கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் மி-யின் மேல்விலங்கும் ழ்-இன் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அதே சொல்லைத் திருப்பிப்போட்டால் புள்ளி முன்னால் வந்து நிற்கும். யூனிகோட் எண்படி வரிசைப்படுத்தினால் ன என்பது ப-வுக்கு முன்னால் போய் உட்காரும், ள வந்துதான் ழ வரும். ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நூலகம் இந்த மாதிரித் தொல்லைகளுக்காகவே இருக்கிறது. எத்தனையோ மென்பொருள்களில் எழுத்து எண்ணுகிற இடத்திலும், வரியை வெட்டுகிற இடத்திலும், அகரவரிசைப் பட்டியலிலும் தமிழ் இன்னும் உடைந்துதான் கிடக்கிறது. ஜெர்மனியில் இருக்கிற மெயின்டெய்னருக்கு இது கண்ணுக்கே தெரியாது. ஈரோட்டில் இருக்கிற இரண்டாம் ஆண்டு மாணவிக்குப் பார்த்ததும் தெரியும். அங்கே அவர் உதவி கேட்டு நிற்கிற புதியவர் இல்லை, விஷயம் தெரிந்தவர்.

மாணவர்கள் அதிகம் பயப்படுவது ஆங்கிலத்துக்கு. நிரலுக்குக்கூட அவ்வளவு இல்லை. பொதுவெளியில் தப்பாக எழுதிவிட்டால் காலத்துக்கும் கூகுளில் நிற்குமே சார் என்று கேட்டிருக்கிறார்கள். உலகத்தில் திறந்த மூல ஆட்களில் பெரும்பகுதிக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழிதான் தம்பி, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று மூன்று வரி எழுது, எந்தப் பதிப்பு, எந்த ஓஎஸ் என்று போடு, போதும் என்பேன். பயத்தில் அதைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து ஒன்றரைப் பக்கமாக ஊதி அனுப்புகிறார்கள் பாருங்கள், அதுதான் இப்போதைய புதுத் தலைவலி. இணையத்தில் தரவு அனுப்பிப் பெறும் கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிய பாதுகாப்பு அறிக்கைகள் தன் குழுவின் நேரத்தை எப்படித் தின்கின்றன என்று வெளிப்படையாகவே புலம்பியிருக்கிறார். உடைந்த ஆங்கிலத்தில் மூன்று உண்மை வரி வந்தால் எந்த மெயின்டெய்னரும் சந்தோஷப்படுவார். நானும் ஒரு சின்ன நிரல் நூலகத்தைப் பராமரிக்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். திறந்த மூலப் பங்களிப்பை இன்டர்னல் மார்க்கோடு இணைக்கலாம் என்று பல கல்லூரிகளில் இப்போது பேச்சு வருகிறது, நல்லதுதான், புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கும் ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு எதுவுமே மேல். ஆனால் தயவுசெய்து 'மெர்ஜ் ஆனதா' (திட்டத்தில் சேர்க்கப்பட்டதா) என்று கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். மெர்ஜ் ஆவது மாணவர் கையில் இல்லை. செமஸ்டர் நான்கு மாதம், ஒரு பேட்ச் அதற்குமேலும் தூங்கலாம். மார்க் போகிறதே என்ற பதற்றத்தில் தினமும் 'எனி அப்டேட் சார்?' என்று அங்கே போய் எழுதுவார்கள். பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்டினாரா, நடந்த உரையாடல் என்ன, மறுப்பு வந்தபோது என்ன மாற்றினார் என்பதற்கு மார்க் கொடுங்கள். மறுக்கப்பட்ட பேட்சுக்கு முழு மதிப்பெண் தரத் தைரியம் இல்லாத கல்லூரி இதை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. அப்புறம், வகுப்பை அவிழ்த்துவிடுவதற்கு முன்னால் அந்தத் திட்டத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்காமல், சோதித்துப் பார்க்கிறோம் என்று வேண்டுமென்றே பிழையான பேட்சுகளை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அனுப்பியதும், 2021 ஏப்ரலில் கெர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து எது வந்தாலும் ஏற்கமாட்டோம் என்று கதவைச் சாத்தியதும் ஊரறிந்த கதை. யாரோ சிலர் செய்ததற்கு மொத்த வளாகமும் வெளியே நின்றது.

சரியாகச் செய்த உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. புதியவர்களை உதவித்தொகையோடு திறந்த மூலத் திட்டங்களில் வேலை செய்யவைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு 2005இல் தொடங்கியது. அதன் முதல் பத்து வருடத்தில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது ஐஐடியோ எம்ஐடியோ இல்லை, இலங்கையின் மொரட்டுவை பல்கலைக்கழகம். இலங்கையில் 2004 சுனாமிக்கு அடுத்த நாட்களிலேயே சஹானா என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளைத் தன்னார்வலர்கள் கூடி எழுதினார்கள். ஊருக்குத் தேவைப்பட்டதை எழுதிய ஆட்கள் சுற்றி இருந்தார்கள், ஒரு தொகுதி மாணவர் அடுத்த தொகுதியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சான்றிதழ் கொடுக்கும் ஒருநாள் பயிலரங்கால் அந்தத் தொடர்ச்சி வராது. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு மாதிரி வாராவாரம் கூடுகிற இடங்களில் வருகிறது. பணம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது, அவுட்ரீச்சி என்ற திறந்த மூலப் பயிற்சித் திட்டம் மூன்று மாதப் பயிற்சிக்கு 7,000 டாலர் தருகிறது, ஆனால் அங்கேயும் தேர்வுக்கு முன்னால் நிஜமாகவே கொஞ்சம் பங்களித்துக் காட்டவேண்டும்.

அந்த நூலக மாணவி இப்போது கடைசி வருடம். போன மாதம் ஒரு கோஹா பேட்சைச் சோதித்துக் கையொப்பமிட்டார். வேறொருவர் எழுதிய சின்ன மாற்றம்தான், ஆனால் கமிட்டின் அடியில் இவர் பெயர் நிற்கிறது. நூலகரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு அவர் கேட்டாராம், "ரொம்ப சந்தோஷம்மா, அப்படியே அந்த பார்கோடு லேபிள் அச்சடிக்கும்போது ஓரம் வெட்டுதே, அதையும் கொஞ்சம் பாக்குறியா?"