யம் சா: சொல் விளக்கம்

ஹாங்காங்கில் பேசும் கன்டோனிய மொழியில் யம் என்றால் குடி, சா என்றால் தேநீர். ஆனால் அங்கே ஒருவர் ‘யம் சா போகலாமா?’ என்று கூப்பிட்டால், வெறும் தேநீரோடு எழுந்து வரும் எண்ணம் அவருக்கு இருக்காது. மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க வரும் பண்டங்களைத் தின்றுகொண்டு, பேசிக்கொண்டு, காலைப் பொழுதைக் கழிப்பதுதான் யம் சா. அந்தப் பண்டங்களுக்குப் பெயர் டிம் சம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் அதிகம்.

‘சா’ நமக்கு அந்நியமில்லை. ஒரே சீன எழுத்தைச் சீனாவின் தென் ஃபூஜியன் பகுதிப் பேச்சில் ‘தே’ என்றும் கன்டோனியத்தில் ‘சா’ என்றும் படிக்கிறார்கள். தேயிலை, தேநீர், இலங்கையின் தேத்தண்ணி எல்லாம் முதல் ஒலிப்பின் வழி வந்தவை; சாய், சாயா இரண்டாவதன் வழி.

டிம் சம் என்பதை ‘இதயத்தைத் தொடுவது’ என்று அழகாக மொழிபெயர்க்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து அது சரி, பொருள் அதுவல்ல. பழைய சீன வழக்கில் அது ஒரு வினை: அடுத்த வேளைச் சாப்பாடு வரை தாங்க, கொஞ்சம் வயிற்றுக்குப் போட்டுக்கொள்வது. தமிழில் மோமோ, கொழுக்கட்டை என்று எழுதுவது பொருந்தாது. கோழிப் பாதம், முட்டை டார்ட், முள்ளங்கிக் கேக் எல்லாமே டிம் சம்தான். சிற்றுண்டி என்பது பரவாயில்லை. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் காலை உணவுக்குச் சொல்லும் ‘பசியாறல்’ இன்னும் நெருக்கம். யம் சாவுக்குத் ‘தேநீர்ப் பசியாறல்’ எனலாம்.

ஹாங்காங்கின் லுக் யூ தேநீர் இல்லம் 1933இல் தொடங்கியது. இதுபோன்ற பழைய கடைகளில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி: என்ன தேநீர்? கொழுப்பான பண்டங்களுக்குப் போ லே (பூ-அர்) ஏற்றது; மென்மையாக வேண்டுமென்றால் சாவ் மேய். முதல் ஊற்றைக் குடிப்பதில்லை. அதில் கிண்ணத்தையும் குச்சிகளையும் அலசி, மேசையிலுள்ள பெரிய கிண்ணத்தில் கொட்டிவிடுவார்கள். கெட்டில் காலியானால் மூடியைச் சற்றுத் திறந்து சாய்த்து வைக்க வேண்டும். மூடியபடி விட்டால் வெந்நீர் வராது. பக்கத்தில் இருப்பவர் ஊற்றும்போது மேசையில் இரு விரலால் தட்டினால் நன்றி. மாறுவேடத்தில் வந்த சீனப் பேரரசர் சியன்லுங்கோடு இதை இணைத்துச் சொல்வது வெறும் கதை.

சமையலறையின் தரம் ஹா காவில் தெரிந்துவிடும். இறால் வைத்த, உள்ளே இருப்பது தெரியும் மெல்லிய தோல் பண்டம். தோலுக்குக் கோதுமை ஸ்டார்ச், கூடக் கொஞ்சம் மரவள்ளி ஸ்டார்ச். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிப் பிசைய வேண்டும். நீர் ஆறியிருந்தால் மாவு ஒட்டாமல் உதிரும். இறாலை நன்றாக ஈரம் ஒற்றாவிட்டால் வேகும்போது நீர் விட்டுத் தோல் கிழியும். நேரம் கூடினாலும் கிழியும். பெரும் ஆவியில் ஐந்தாறு நிமிடம் போதும். கூடை வந்ததும் தின்றுவிடுங்கள். ஆறினால் தோல் விறைத்து, அடிக்காகிதத்தோடு பிய்ந்து வரும்.

பண்டங்களைத் தள்ளுவண்டியில் மேசைக்கு மேசை கொண்டுவரும் கடையில், எடுக்கும் ஒவ்வொரு கூடைக்கும் மேசை அட்டையில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று முத்திரை குத்துவார்கள். பில் அதை எண்ணித்தான் போடுகிறார்கள். அதோடு தலைக்கு ஒரு தேநீர்க் கட்டணமும் சேரும். வெந்நீர் மட்டும் குடித்தவரும் பொதுவாக அதைக் கொடுத்தாக வேண்டும்.