ஆடிக் குளிர்ல கோழியும் ஆடும் எப்படி தாங்குது?

நம்ம சவுத் ஆப்பிரிக்காவுல ஆடி மாசம்னா நடு குளிர்காலம். டர்பன்ல கடல் பக்கம் இருக்கறதால அது பெருசா தெரியாது, ஆனா மரிட்ஸ்பர்க் தாண்டி மேல ஏறிட்டா, ஹாரிஸ்மித், ஜோபர்க் பக்கமெல்லாம் காலைல புல்லு வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். 2024 செப்டம்பர்ல வான் ரீனன்ஸ் பாஸ் மலைப்பாதையில பனி கொட்டி, டர்பன்-ஜோபர்க் போற என்3 ரோடையே மூடிட்டாங்க. இந்த மாதிரி ராத்திரில கொல்லையில கோழி வச்சிருக்கவங்க பாவம்னு நினைச்சு கூட்டை நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடிடறாங்க, அதுதான் கோழிக்கு கெடுதல்.

கோழியோட உடம்பு சூடு 41, 42 டிகிரி. இறகை உப்ப வச்சுக்கிட்டு நடுவுல காத்தை பிடிச்சு வச்சுக்கும், அந்த அசையாத காத்துதான் சூட்டை வெளிய விடாம காக்குது. காலுக்கு இறகு கிடையாது, ஆனா கீழ இறங்கற சூடான ரத்தம் மேல ஏறி வர்ற குளிர்ந்த ரத்தத்தை ஒட்டியே ஓடி அதை சூடாக்கி அனுப்பிடும், அதனால காலு சில்லுன்னு இருந்தாலும் உடம்பு சூடு குறையாது. மூடின கூட்டுல மூச்சு ஈரமும் எச்சத்துல வர்ற அமோனியாவும் உள்ளயே நிக்கும். ஈரம் கொண்டையில படிஞ்சு உறைஞ்சா நுனி முதல்ல வெளுத்து அப்புறம் கறுத்துப் போகும். அதனால கோழி உக்கார்ற உயரத்துல காத்தை மறைங்க, அதுக்கு மேல கூரை ஓரத்துல திறந்து விடுங்க. உக்கார்ற கட்டை தட்டையா அகலமா இருந்தா விரலை நெஞ்சு இறகால மூடிக்கும். சாயங்காலம் ஒரு கை மீலி (மக்காச்சோளம்) போடுங்க, இரைப்பை நிறைஞ்சிருந்தா ராத்திரி பூரா மெதுவா செரிக்கும், செரிக்கும்போது சூடு வரும்.

ஆட்டுக்கு வயித்துக்குள்ளயே அடுப்பு இருக்கு. முதல் வயித்துல இருக்கற நுண்ணுயிரிங்க நார்ச்சத்தை நொதிக்க வைக்கும்போது நல்ல சூடு வரும், அதனால குளிர் ராத்திரில தீவன மாவை விட காஞ்ச புல்லை தாராளமா போடறதுதான் முக்கியம். காஞ்ச குளிர் ஆட்டை லேசுல சாய்க்காது, ஈரமும் காத்தும் சேர்ந்தாதான் சாய்க்கும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாங்களே, அந்த காத்து முடிக்குள்ள இருக்கற சூட்டை உருவிட்டுப் போயிடும், மழை முடியை நனைச்சு ஒட்ட வச்சுடும். கரூங்கற வறண்ட பகுதியில வளர்க்கற அங்கோரா ஆடுங்கதான் இதுல ரொம்ப பாவம். மொஹேர்ங்கற அதோட ரோமத்துக்காக முடி வெட்டினதும் குளிர் மழையும் காத்தும் வந்தா மந்தை மந்தையா செத்துருக்கு. ஸ்டெல்லன்போஸ் யுனிவர்சிட்டி ஆராய்ச்சில, அதுங்களுக்கு கார்டிசால் ஹார்மோன் போதுமான அளவு சுரக்கலன்னு தெரிஞ்சது. அந்த ஹார்மோன் குறைஞ்சா குளிர் நேரத்துல ரத்தத்துல குளுக்கோஸை ஏத்த முடியாது, எரிக்க எரிபொருளே இல்லாம போயிடும்.

புதுசா பொறந்த குட்டி இன்னும் மோசம். சிறுநீரகத்தை சுத்தி கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு இருக்கும், அதை எரிச்சுதான் முதல் சில மணி நேரம் சமாளிக்கும், அதுக்குள்ள சீம்பால் உள்ள போயிடணும். துவண்டு கிடக்கற குட்டியோட வாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க. உள்ள ஜில்லுன்னு இருந்து விரலை சப்பலன்னா பால் ஊத்தாதீங்க, பால் நுரையீரலுக்கு போயிடும். தொடைச்சு காய வச்சு முதல்ல சூடு ஏத்துங்க. ஆனா பொறந்து பல மணி நேரமாகியும் பால் குடிக்காத குட்டியா இருந்தா, சூடு ஏத்தறதுக்கு முன்னாடியே கால்நடை டாக்டரை கூப்பிட்டு குளுக்கோஸ் குடுக்கணும், ஏன்னா சூடு ஏற ஏற மூளை குளுக்கோஸ் கேக்கும், இல்லன்னா வலிப்பு வந்து செத்துப்போகும்.

தயவு செஞ்சு கொட்டகைக்குள்ள கரி அடுப்பு மட்டும் வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஹீட் பல்பும் வைக்கோலும் பக்கத்துல பக்கத்துல இருந்தா தீ பிடிக்கும், லோட்ஷெடிங்னு கரண்ட் கட் ஆனா பல்பு அணைஞ்சு சூட்டுக்குப் பழகின குஞ்சுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிடும். காலைல தண்ணி பாத்திரத்துல ஐஸை உடைச்சுப் போட்டுட்டு வெதுவெதுப்பா தண்ணி ஊத்துங்க, தண்ணி குடிக்கலன்னா ஆடு தீனியும் குறைச்சுக்கும்.