ஜேசிபி வரும் முன்னால் மனையின் மண்ணைப் பாருங்கள்

வேலூர், காட்பாடிப் பக்கம் வீடு கட்டப் போகிறவர்கள் கடைக்கால் என்றதும் முதலில் கேட்பது, ஜேசிபி மணிக்கு என்ன வாடகை என்பதைத்தான். வாடகை ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். உங்கள் மனைக்கு ஜேசிபி போதுமா, இன்னும் ஆழமாகத் தோண்டுகிற ஹிட்டாச்சி வேண்டுமா, பாறை உடைக்கிற பிரேக்கர் மாட்ட வேண்டுமா, இல்லை நாலு ஆள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினால்தான் சரியா என்று முடிவு செய்ய, அடியில் என்ன மண் இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கடைக்கால் எவ்வளவு ஆழம் என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். இதைப் பார்க்காமல் வண்டியை வரச் சொல்லிவிட்டு, இரண்டடியில் பாறை தட்டியதும் வண்டியைச் சும்மா நிறுத்திவைத்து வாடகை கட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பணம் போனால்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுச் சுவர் பிளந்துவிட்டால் என்ன செய்வது?

நம்ம ஊரில் மண் தெருவுக்குத் தெரு மாறும். பாலாற்றை ஒட்டிய இடங்களில் தோண்டத் தோண்ட மணல் வரும். சத்துவாச்சாரியில் மலையடிவாரத்துக்குப் போனால் செம்மண்ணுக்குள் உருண்டை உருண்டையாகக் கல், அதற்குக் கீழே மக்கிய பாறை, அப்புறம் கெட்டிப் பாறை. ஏரிக்குக் கீழே நஞ்சையாக இருந்து மனையாக மாறிய இடங்களில் மேலே கொட்டிய கிராவல் ரெண்டு மூணு அடி இருக்கும், அதன் கீழே ஈரமான களி. மேலே நின்று பார்த்தால் மூன்று மனையும் ஒரே மாதிரி செம்மண் மனையாகத்தான் தெரியும்.

அதனால் முதலில் ஒரு சோதனைக் குழி. மனையின் ரெண்டு மூலையில், நாலடிக்கு நாலடி, ஐந்தடி ஆழம் வரை ஆள் விட்டுத் தோண்டினால் போதும், அதற்குக் கீழே ஆளை இறக்காமல் கையால் சுழற்றுகிற துளைக்கருவியை (ஆகர்) திருகி மண்ணை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடியிலும் எடுத்த மண்ணைத் தனித்தனியாகக் குவித்து வைக்கச் சொல்லுங்கள். ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டும்போது நூல் மாதிரி நீண்டால் களி, உதிர்ந்தால் மணல் கலப்பு. குழியின் சுவரை மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள்: அப்படியே நிற்கிறதா, பொலபொலவென்று கொட்டியிருக்கிறதா, அடியில் தண்ணீர் கசிந்திருக்கிறதா? இந்த மூன்றும் சொல்வதை எந்த ஆபரேட்டரும் வண்டியில் உட்கார்ந்தபடி சொல்ல முடியாது. மாடிக் கட்டடம் பெரிதாக வருகிறது என்றால் போர் போட்டு எஸ்.பி.டி. சோதனை செய்தே ஆக வேண்டும். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, 30 செ.மீ. இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிற சோதனை அது.

மலையடிவார மனைக்காரர்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். கல் தட்டியதும் 'பாறை வந்துடுச்சு, இனி கவலையில்லை' என்று மேஸ்திரி சொல்வார். அது பாறையாகவும் இருக்கலாம், மண்ணுக்குள் தனியாகக் கிடக்கிற உருண்டைக்கல்லாகவும் இருக்கலாம். பாறை மக்கும்போது விரிசல் ஓரங்கள் முதலில் மண்ணாகி, நடுவில் இருக்கிற கெட்டிப் பகுதி மட்டும் கல்லாக மிஞ்சுவது இந்தப் பக்கத்து மலைகளில் சாதாரணம். ஒரு பில்லர் அந்தக் கல்லின் மேலும் அடுத்த பில்லர் மண்ணின் மேலும் உட்கார்ந்தால், மண்ணில் இருப்பது இறங்கும், கல்லில் இருப்பது இறங்காது, நடுவில் இருக்கிற சுவர் சாய்வாக விரியும். கல்லைச் சுற்றித் தோண்டி விளிம்பு வருகிறதா என்று பாருங்கள். போர் போடும்போது கல் தட்டிய இடத்திலேயே நிறுத்தாமல் மூன்று மீட்டராவது உள்ளே போகச் சொல்லுங்கள்.

மண் தெரிந்துவிட்டால் முறை தானாக வரும். செம்மண், கிராவல், சுற்றிலும் காலி இடம் என்றால் ஜேசிபிதான் லாபம். நாலு மீட்டருக்கு மேல் ஆழம், தரைக்குக் கீழே ஒரு தளம் (பேஸ்மென்ட்) என்றால் ஹிட்டாச்சி. சைதாப்பேட்டை, கொசப்பேட்டை மாதிரி சந்துக்குள், இரண்டு பக்கமும் பழைய வீட்டை ஒட்டிக்கொண்டிருக்கிற மனைக்கு மினி எக்ஸ்கவேட்டர், அதுவும் நுழையாது என்றால் ஆள்தான். மெதுவாக நடக்கிறது என்று ஆள் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள், பழைய சுண்ணாம்புச் சுவருக்குப் பக்கத்தில் அதைவிட நல்ல முறை கிடையாது. இயந்திரம் தோண்டினாலும் கடைசி அரையடியை ஆள்தான் எடுக்க வேண்டும், பக்கெட் பல் கிளறிய மண் மறுபடி பழைய கெட்டிக்கு வராது. ஆழம் கூடிப்போனால் தோண்டிய மண்ணையே தள்ளி மட்டம் செய்யவும் விடாதீர்கள், அந்த இடம் கம்பியில்லாத பி.சி.சி. கான்கிரீட்டால்தான் நிரம்ப வேண்டும்.

பாறைக்கு வருவோம். மக்கிய பாறையை, வண்டியில் பாறைக்கென்று மாட்டுகிற ராக் பக்கெட்டே பேர்த்துவிடும், கொஞ்சம் கெட்டியானதை பிரேக்கர் உடைக்கும். கெட்டிப் பாறையில் பிரேக்கர் நாள் முழுக்கத் தட்டினாலும் பொடிதான் வரும், அதிர்வு மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கே கம்ப்ரசரால் வரிசையாகத் துளை போட்டு, விரிவடைகிற பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பிளக்கிற முறைதான் ஊருக்குள் ஏற்றது. பிளக்கும்போது சத்தமில்லை, அதிர்வில்லை, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பாறை வாய்விடும். ஆனால் இது சுண்ணாம்பு வகைப் பவுடர், தண்ணீரோடு சேர்ந்து சூடாகித்தான் விரிகிறது. வேலூர் வெயிலில் பாறையே கொதிக்கிற நாளில், குளிர்காலத்துக்கான பவுடரை ஊற்றினால் கலவை பிளப்பதை விட்டுவிட்டுத் துளை வழியாக மேலே பீறிட்டு அடிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூட்டையில் எந்த வெப்பநிலைக்கு என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். சித்திரை வைகாசியில் காலையிலோ சாயங்காலத்திலோ, ஆறிய தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒருத்தரும் பக்கத்தில் போகக் கூடாது, ஊற்றிய துளையைக் குனிந்து எட்டிப் பார்க்கவே கூடாது.

வேட்டு வைத்து முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கிணறு வெட்டுகிற பழக்கத்தில் வீட்டு மனைக்கும் அதே மாதிரி செய்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். சுற்றிலும் வீடு இருக்கிற இடத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். கோட்டைக்கு அருகில் மனை இருந்தால் இன்னொன்றும் உண்டு: 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும்.

இப்போது பாலாற்றுப் பக்கம். வருஷத்தில் பெரும்பாலான நாள் ஆறு காய்ந்து கிடப்பதால் தண்ணீரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 2021 நவம்பரில் வெள்ளம் வந்ததை எல்லோரும் பார்த்தோம். ஆற்றில் தண்ணீர் ஓடினால் கரையோர மனைகளில் ஊற்று மேலே ஏறும். மணல் குழியில் ஊற்று வந்ததும் மோட்டாரை இறக்கி இரைப்பார்கள். அந்த நேரத்தில் குழாய் வாயில் வருகிற தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால் உடனே மோட்டாரை நிறுத்துங்கள். அந்த மணல் உங்கள் குழியிலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கத்து வீட்டுக் கடைக்காலுக்கு அடியிலிருந்தும் உருவப்பட்டு வருகிறது. குழிக்கு வெளியே சுற்றிலும் வடிகட்டி வைத்த சின்னக் குழாய்களை இறக்கி, மணல் வராமல் நீர்மட்டத்தைக் கீழே கொண்டுபோன பிறகு தோண்டுவதுதான் அங்கே முறை. செலவுதான். முடியாதென்றால் ஆழத்தைக் குறைத்து, வீட்டுக்கு அடியில் முழுக்க ஒரே பலகை மாதிரி கான்கிரீட் (ராஃப்ட்) போடலாமா என்று உங்கள் இன்ஜினியரிடம் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக் கடைக்காலின் அடிமட்டத்திலிருந்து உங்கள் பக்கம் 45 டிகிரி சாய்வாக ஒரு கோடு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழி அந்தக் கோட்டை வெட்டினால் அவர் வீட்டைத் தாங்கும் மண்ணை நீங்கள் எடுக்கிறீர்கள். அப்படி எடுத்தே ஆக வேண்டும் என்றால் முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்காமல், மூன்று நாலு அடித் துண்டாக ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்டு இறுகிய பிறகு நடுத்துண்டைத் தோண்ட வேண்டும். ஜேசிபி ஆபரேட்டருக்கு இது பிடிக்காது. மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறவர் ஒரே மூச்சில் இழுத்துவிடத்தான் பார்ப்பார், நீங்கள் நின்று தடுக்க வேண்டும். வேலைக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு அவர் சுவரில் இருக்கிற விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வைத்தால் பிற்பாடு சண்டை வராது.

குழிக்குள் இறங்குகிறவரின் உயிரைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை, இடுப்புவரை புதைந்தாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் பக்கத்தைச் சரிவாகவோ படியாகவோ வெட்ட வேண்டும், இடமில்லை என்றால் பலகை கொடுத்து முட்டுக்கட்ட வேண்டும். எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். ஏணி எப்போதும் உள்ளேயே இருக்கட்டும். மண் சரிந்து யாராவது சிக்கிவிட்டால் அவசரத்தில் ஜேசிபியை விட்டுத் தோண்டாதீர்கள், பக்கெட்டே ஆளைக் கொன்றுவிடும். 112க்குப் போன் செய்துவிட்டு, மேலும் சரியாமல் முட்டுக் கொடுத்து, கையால்தான் மண்ணை விலக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் மண்ணுக்கும் பாறைக்கும் தனித்தனி ரேட் எழுதி வாங்குங்கள். அளவு குழியில் எடுக்க வேண்டும், டிப்பர் லோடில் இல்லை. தோண்டிய மண் உதிர்ந்து கால் பங்கு வரை கூடுதலாக உப்பும், உடைத்த பாறை அதைவிட அதிகமாக உப்பும். தெருவோரம் தோண்டுகிறீர்கள் என்றால் இபி கேபிளும் காவிரிக் குடிநீர்க் குழாயும் எங்கே போகிறது என்று அந்தந்த அலுவலகத்தில் கேளுங்கள். இதற்கென்றே மத்திய அரசு 2023இல் 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலி கொண்டுவந்திருக்கிறது, அதில் பதிந்துவிட்டுத் தோண்டச் சொல்லுங்கள்.

கடைசியாக நாள் பார்ப்பது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே தோண்டியே ஆக வேண்டிய நிலை என்றால், எல்லாக் குழியையும் ஒரேயடியாகத் திறந்து போடாமல் அந்த வாரம் கான்கிரீட் போட முடிகிறதை மட்டும் தோண்டுங்கள். அந்தக் கடைசி அரையடியை விட்டுவைத்து, கம்பியும் ஜல்லியும் தயாரான அன்று காலையில் எடுங்கள். இடையில் மழை பெய்து தண்ணீர் நின்றுவிட்டால் இரைத்துவிட்டு, ஊறிப்போன சேற்றைக் கெட்டி மண் வரும்வரை வழித்த பிறகுதான் பி.சி.சி. போட வேண்டும்.