வெட்டாமல் பார்க்கும் லேசருக்காகக் காத்திருக்கிறீர்களா?

"பயொப்சி வேண்டாம் டொக்டர். வெட்டாமலே லேசர் நுணுக்குக்காட்டியால் பார்க்கலாமாம், ரொறன்ரோவிலிருந்து மகன் வீடியோ அனுப்பினவர்." கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணோடு, வெற்றிலையும் விடாமல், ஓர் அம்மா மாதக்கணக்கில் சொல்லிவந்த காரணம் இது. கடைசியில் பயொப்சிக்காக, அதாவது நோயைச் சோதிக்க, வெட்டிய சிறு துண்டு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தபோது புற்றுக்கலங்கள் தசைவரை இறங்கிவிட்டன. இப்படி வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை.

வீடியோ பொய்யில்லை. ஒரு மூலக்கூறு இரண்டு போட்டோன்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒரே நேரத்தில் உறிஞ்சலாம் என்று மரியா கோப்பெர்ட் மேயர் 1931இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 1990இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் அதை நுணுக்குக்காட்டியாக்கினார்கள். செங்கீழ்க் கதிர் லேசரை மிகக் குறுகிய துடிப்புகளாக அனுப்புவார்கள். இரண்டு போட்டோன்கள் ஒன்றாகச் சேருமளவு ஒளி குவியும் புள்ளி மட்டும் ஒளிரும். அருமையான கருவி, எனக்கும் ஆசைதான். அந்த லேசர் ஒன்றே எங்கள் காசில் கோடிக்கணக்கில் வரும்.

ஆனால் எவ்வளவு ஆழம் பார்க்கும்? அதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. நாங்கள் சீவிப் பார்க்கும் துண்டு 3 முதல் 5 மைக்கிரோமீற்றர். அந்த அளவில் வேலை செய்பவர்களுக்கு அரை மில்லிமீற்றரே பெரிய ஆழம். மூளை இழையத்தில் இரண்டு போட்டோன் முறை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வரை போகும், மூன்று போட்டோன் இன்னும் கொஞ்சம் கூட. மனிதத் தோலில் 0.2 மில்லிமீற்றர் அளவோடு சரி. கைக்குத் தட்டுப்படும் மார்புக் கட்டி அதற்கு எவ்வளவோ கீழே கிடக்கிறது. இருட்டில் டோர்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். கை முழுக்கச் சிவக்கும், எலும்பு தெரியாது. ஒளி உள்ளே போகிறது, ஆனால் சிதறிவிடுகிறது. லேசருக்கும் அதே இழையம்தான், அதே சிதறல்தான்.

இன்னொன்று. அந்த வீடியோவில் மினுங்கும் நரம்புக்கலங்கள் பெரும்பாலும் எலியினுடையவை. எலியின் மண்டையோட்டைத் திறந்து கண்ணாடி பதித்து, கலங்கள் ஒளிரும்படி மரபணுவையும் மாற்றித்தான் எடுக்கிறார்கள். வெட்டாமலாம்!

சில நாடுகளில் தோல் நோய்களுக்கு இதை நேரடியாகப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள், உண்மை. அங்கும் சந்தேகம் என்றால் கடைசியில் பயொப்சிதான்.

"கத்தி பட்டால் பரவும்" என்பவர்களுக்கு: வாய்ப்புண்ணில் எடுக்கும் சிறு துண்டால் அல்ல, நீங்கள் கடத்தும் மாதங்களால்தான் பரவுகிறது.

வாயில் புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புப் படையோ மூன்று கிழமைக்கு மேல் இருந்தால் காட்டுங்கள். வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள், தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வெற்றிலை, பாக்கு, புகையிலையை இன்றைக்கே விடுங்கள், தயவுசெய்து. வெட்டிய துண்டை வெளி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித் தந்தால், அது கெடாமல் காக்கும் போமலின் திரவத்தோடு தந்த போத்தலிலேயே கொண்டுபோங்கள். மணக்கிறது என்று ஊற்றிவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் இழையம் அழுகிவிடும், மறுபடி வெட்டவேண்டி வரும். ரிப்போட்டை வாங்கி அலுமாரியில் வைக்காமல் அடுத்த கிளினிக்குக்கே எடுத்துப்போங்கள். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை இருக்கிறது, விசாவும் தேவையில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, அடுத்த வீடியோவை அனுப்பமுன் உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இப்படிப் புண்ணோடு நான் வந்தால் என்ன செய்வீர்கள்? அவர் சொல்லும் பதிலை அம்மாவுக்கு அனுப்புங்கள்.