டஞ்சன் என்றால் சிறையா?

கிருஷ்ணகிரியில் அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பகடை உருட்டி ஆடும் மாயக்கதை விளையாட்டுக்காக, நம் கோட்டை மலைக்கு அடியில் நடப்பதாக ஒரு சின்னக் கதையைக் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து காட்டினான். பத்து அறை. பத்துக்கும் கம்பிக் கதவு. உள்ளே போக ஒரே வழி.

"ஏன்டா எல்லாத்துக்கும் கம்பி?"

"பாதாளச் சிறைன்னுதானே மாமா போட்டிருக்கு."

அவன் படித்த தமிழ்க் குறிப்பில் டஞ்சன் (dungeon) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அப்படித்தான் இருந்தது. எத்தனை முறைதான் இதைப் பார்ப்பது!

பழைய பிரெஞ்சில் இச்சொல் கோட்டையின் தலைமைக் கோபுரத்தைக் குறித்தது. வேர், தலைவன் என்னும் பொருள்கொண்ட லத்தீன் தோமினுஸ். ஆங்கிலத்தில் அது நிலத்தடிச் சிறையாக இறங்கியது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் பூதம், பொறி, புதையலோடு அறைகளும் வழிகளும் பின்னிக் கிடக்கும் இடமெல்லாம் டஞ்சன்தான். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு நாள் உட்கார்ந்து ஆடிப் பார்ப்பதில்லை.

சிறை என்றால் உள்ளே இருப்பவனை வெளியே விடாத இடம். இங்கே ஆட்டக்காரர்கள் தாமாகவே தீவட்டி பிடித்து இறங்குகிறார்கள், கிடைத்ததை அள்ளிக்கொண்டு மேலேறப் பார்க்கிறார்கள். இந்த விளையாட்டுக்கு 1981இல் வந்த அடிப்படை விதிகளின்படி ஒரு சுற்று பத்து நிமிடம். தீவட்டி ஆறு சுற்றுதான் எரியும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் அலைகிற பூதம் ஒன்று எதிரே வரும். ஆக, எந்த வழியாகப் போவது, எப்போது திரும்புவது என்பதுதான் ஆட்டமே. அதற்கு இரண்டு மூன்று வாசல் வேண்டும், சுற்றிவந்து சேரும் வழி வேண்டும், பதுங்கி மூச்சுவிட வெற்று அறைகளும் வேண்டும். சிறை என்று எழுதினால் பிள்ளை கம்பிதான் வரைவான். அவன் மேல் என்ன தப்பு?

"பாதாளம் வடமொழி, கீழறைச் சிறை என்று மாற்றலாம்" என்றார் நண்பர் ஒருவர். சிக்கல் முன்பாதியில் இல்லை, பின்பாதியில் இருக்கிறது.

நிலவறை என்பதே போதும். 2011இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளைத் திறந்ததைப் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லோடு புதையலும் பூட்டிய கதவும் சேர்ந்தே நினைவுக்கு வரும். கதை கோபுரத்தில் நடந்தால் கோபுரம் என்றே எழுதலாம். அறைகளை இணைக்கும் வழிக்குச் சுருங்கை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் போவது, யானைக் கூட்டம் போய்வரும் 'சுருங்கை வீதி'யை ஒட்டித்தான். சொல்லின் மூலம் கிரேக்கம் என்பார்கள். இருக்கட்டும், இளங்கோ எடுத்தாண்டது நமக்கு ஆகாதா? சுரங்கம் என்றால் இன்று நெய்வேலிதான் நினைவுக்கு வருகிறது.

இதே குறிப்பில் நஞ்சிலிருந்து தப்ப உருட்டும் பகடைக்கு, ஆங்கிலத்தில் 'சேவிங் த்ரோ' (saving throw) என்பதை அப்படியே பெயர்த்து, 'சேமிப்பு வீச்சு' என்று வேறு போட்டிருந்தது. தாயம் ஆடுகிற வீட்டில் கட்டையை உருட்டுவார்கள். அங்கே சேமிக்க என்ன இருக்கிறது? தப்பிக்கும் உருட்டு என்றால் பாட்டிக்கும் புரியும்.

அக்கா மகன் கம்பிகளை அழித்துவிட்டான். ஏழாம் அறையிலிருந்து மலையின் பின்பக்கச் சுனைக்கு ஒரு சுருங்கை போட்டிருக்கிறான்.