இந்த ரோடு யாருடையது? நெல்லையில் சாலைப் புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு

குண்டும் குழியுமான தெருவுக்காக மனு எழுதிக்கொண்டு அலைகிறவர்கள் முதலில் கேட்கிற பதில் இதுதான்: "அண்ணாச்சி, இது நம்ம ரோடு இல்ல, ஹைவேஸ்ல போய்க் கேளுங்க." ஹைவேஸில் போய்க் கேட்டால், "இது மாநகராட்சி லிமிட்ல வருது." இரண்டு பேரும் வாயால்தான் சொல்வார்கள், எழுதித் தரமாட்டார்கள். அதனால் குழியின் ஆழத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அந்தச் சாலை யாருடைய பதிவேட்டில் இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள்.

பின்னணி சுருக்கமாக. நகரைத் தொட்டுப் போகிற தேசிய நெடுஞ்சாலை 44, தூத்துக்குடிக்குப் போகிற 138 இரண்டும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. தென்காசிக்குப் போகிற மாநில நெடுஞ்சாலை 39, மாவட்ட முக்கிய சாலைகள், மாவட்ட இதர சாலைகள் எல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறைக்குச் சேர்ந்தவை. மற்ற தெருக்கள் மாநகராட்சிக்கு. மாநகராட்சியில் நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என நான்கு மண்டலங்கள், 55 வார்டுகள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

வார்டுக்குள் ஓடுகிற சாலை எல்லாம் மாநகராட்சிச் சாலை என்று நினைப்பதுதான் பலரும் விழுகிற முதல் பள்ளம். பேருந்து போகிற பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அதே சாலையில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் போக வேண்டியது மாநகராட்சிக்கு. குழியும் விளக்கும் ஒரே மனுவில் இருந்தால், இரண்டு அலுவலகமும் மற்றதைக் காட்டி உங்கள் தாளைத் திருப்பிவிடும். தனித்தனியாக எழுதுங்கள். மாநகராட்சித் தெரு என்றால் மண்டல அலுவலகத்தில் உதவி ஆணையாளருக்கு, நகல் ஆணையாளருக்கு. நெடுஞ்சாலைத் துறை என்றால் கோட்டப் பொறியாளருக்கு. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்தது புது நகர்களில் வீடு கட்டியவர்களுக்கு. மனை விற்றவர் சாலைக்கு இடம் விட்டிருப்பார், வரைபடத்தில் முப்பதடி ரோடு என்றும் போட்டிருக்கும். ஆனால் அந்த இடத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருக்க மாட்டார். ஒப்படைக்காத வரை அது மாநகராட்சிச் சாலை இல்லை, எஸ்டிமேட்டே போட முடியாது என்பார்கள். இது வெறும் சாக்கு இல்லை, உண்மையிலேயே சிக்கல்தான். எரிச்சல் வருவது எங்கே என்றால், இதே தெருவில் வீட்டு வரி வாங்கும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மனை வாங்கும் முன்பே தானப் பத்திர நகலைக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, பத்திரம் இருந்தால் அதன் எண்ணை மனுவில் எழுதுங்கள். எண் இருந்தால் பேச்சு மாறிவிடும். எல்லை ஓரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் வரி ரசீது ஊராட்சியுடையதா, மாநகராட்சியுடையதா? அடுத்த தெருவுக்குத் தார் விழுந்தது என்பதற்காக உங்கள் தெருவும் அதே அலுவலகத்தைச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை.

தோண்டிப் போட்ட தெருக்கள் கதை தனி. பாதாளச் சாக்கடைக்கு ஒரு தடவை, குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை, அப்புறம் கேபிளுக்கு. மூடச் சொன்னால் "தோண்டினவங்க மூடுவாங்க" என்பார்கள். தோண்ட அனுமதி கொடுத்தது யார், சாலையைச் சீரமைக்கக் கட்டணம் வாங்கப்பட்டதா என்று கேளுங்கள். பணம் வாங்கியவர்தான் சாலையைப் பழையபடி ஆக்க வேண்டும். உங்கள் சொந்த வீட்டு இணைப்புக்காகச் சாலையை வெட்டியிருந்தால், கட்டிய தொகைக்கு ரசீது இல்லாமல் அலுவலகத்தைவிட்டு வராதீர்கள். ரசீது இல்லாமல் கையில் வாங்கிப் போன ஆளை அப்புறம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

"நிதி இல்லை" என்பது எல்லா அலுவலகத்துக்கும் பிடித்த வாக்கியம். சமீபத்தில் போட்ட சாலை பெயர்ந்திருந்தால் இந்தப் பதிலை ஏற்காதீர்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு. அதற்குள் கெட்டுப்போனால் கான்ட்ராக்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும், அரசுப் பணமே தேவையில்லை. பணி ஆணையின் தேதியையும் அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பதையும் எழுதிக் கேளுங்கள். "நமக்கு நாமே" திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீங்கள் போட்டால் உடனே போடலாம் என்று யாராவது சொன்னால், அது விருப்பப்பட்டவர்களுக்கான திட்டம், கட்டாயமில்லை. தெருவாசிகளிடம் வசூல் பண்ணக் கிளம்பும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சாலை வருகிறது என்ற சந்தோஷத்தில் பலர் கோட்டை விடுவது உயரத்தில். பழைய தாரின் மேலேயே போட்டுப் போட்டு, வீட்டு வாசல் பள்ளமாகி, ஐப்பசி மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். சுரண்டும் இயந்திரம் வராமல் தார் லாரி மட்டும் வந்தால் அன்றைக்கே தடுத்துக் கேளுங்கள், போட்டோ எடுங்கள். ரோலர் ஓடிய பிறகு கேட்டுப் பயனில்லை.

போனில் புகார் செய்ய 1100 இருக்கிறது. மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு 'நம்ம சாலை' செயலி. மாநில நெடுஞ்சாலையில் குழி என்றால் 24 மணி நேரம், மாவட்டச் சாலைகளுக்கு 72 மணி நேரம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மாநகராட்சித் தெருவை அதில் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். எங்கே புகார் செய்தாலும் குழி அப்படியே கிடக்க, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். கோபப்பட வேண்டாம். தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த புகாரைப் போடுங்கள். இந்தத் தாள்களோடு கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போகலாம். அங்கே கொடுக்கிற மனு, சுற்றிச் சுற்றி அதே பொறியாளர் மேசைக்குத்தான் வரும். ஆனால் அப்போது அவர் பதில் எழுதியாக வேண்டும்.

அதுவும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும் (தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு அது செல்லாது, அஞ்சல் ஆணை வேண்டும்). "ஏன் போடவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: சாலைப் பதிவேட்டில் இந்தத் தெருவின் பக்கம், பணி ஆணை, அளவுப் புத்தக (செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் புத்தகம்) நகல். வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)-யில் உரிமை இருக்கிறது. "எங்கள் ரோடு இல்லை" என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பவும் முடியாது. பிரிவு 6(3)-ன்படி அவர்களே 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுப்பதானால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள்.