ரீபில்ட் பாதியில் நின்றால் பழைய டிஸ்கைப் பாருங்கள்

லினக்ஸ் கணினியில் ஒரே கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கிலும் எழுதிவைக்கும் அமைப்புதான் மிரர். அந்த இரண்டில் ஒன்று போய்விட்டது. புதியது வாங்கி மாட்டியாயிற்று. மிஞ்சிய பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புதியதற்கு நகலெடுக்கும் வேலை, அதாவது ரீபில்ட், 43 சதவீதம் வரை போய் இரண்டு மணி நேரமாக நகரவில்லை. உடனே கணினியை ரீஸ்டார்ட் செய்வார்கள், இல்லையென்றால் புது டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போவார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். இந்த நிமிடத்தில் கல்யாண ஆல்பமும் பட்டா ஸ்கேனும் பழைய டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. மிரர் அப்படியே ஓடட்டும். முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுங்கள். அதுவரை ரீபில்ட் இடைஞ்சல் செய்யாமல் இருக்க, லினக்ஸில் மிரரின் வேலையைக் கட்டுப்படுத்தும் 'சிங்க் ஆக்‌ஷன்' கோப்பில் 'ஃப்ரோசன்' என்று எழுதி நிறுத்தி வைக்கலாம். பிறகு 'ஐடில்' என்று எழுதினால் மறுபடி ஓடத் தொடங்கும்.

நகல் பத்திரமான பிறகு, ரீபில்ட் உண்மையிலேயே நின்றுவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா என்று பாருங்கள். மிரரின் நிலையைக் காட்டும் 'எம்டிஸ்டாட்' கோப்பில் [2/1] என்று தெரிந்தால் இரண்டில் ஒரு டிஸ்க்தான் முழுமையாக இருக்கிறது என்று பொருள். அதன் அருகிலேயே வேகமும் இருக்கும். கணினியில் வேறு வேலை நடந்தால் ரீபில்ட் ஒதுங்கி வழிவிடும். அப்போது அதற்கு உறுதியான குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 1000 கேபி மட்டுமே. 2 டிபி டிஸ்க் அந்த வேகத்தில் முடிய 23 நாள் ஆகும். நொடிக்கு 120 எம்பி கிடைத்தால் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டவுன்லோடு, வீடியோ எடிட்டிங் எல்லாவற்றையும் மூடிவிட்டு, குறைந்தபட்ச வேக வரம்பை நொடிக்கு 50000 கேபி ஆக்குங்கள். 'டிலேட்' (தாமதம்) என்று காட்டினால் அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதி முதலில் ரீபில்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. 'பென்டிங்' என்றால் மிரர் 'படிக்க மட்டும்' நிலையில் காத்திருக்கிறது. எழுதும் நிலைக்கு மாற்றினால் போதும். இவை இரண்டும் பழுதல்ல.

புது டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்றும் பார்த்துவிடுங்கள். கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதுபோல அதில் தடங்கள் படிந்திருக்கும். ரீபில்ட்டோடு வேறு எழுதும் வேலையும் சேர்ந்தால் அது மூச்சுத் திணறும்.

வேகம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தாலோ, ஒவ்வொரு முறையும் அதே சதவீதத்தில் வந்து நின்றாலோ, பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண் எண்ணாகக் குறித்துவைக்கும் பட்டியலை, எடுங்கள். 197, 198 எண்களில் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்) இருக்கின்றன. ரீபில்ட் அந்த இடத்தில் போய்த்தான் முட்டுகிறது. 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்து கனெக்டரைக் கெடுக்கும். கணினியை அணைத்து, கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: பளபளக்க வேண்டிய தகடுகள் பித்தளைக் குத்துவிளக்கில் களிம்பு ஏறியதுபோல மங்கியிருந்தால் கேபிளை மாற்றுங்கள். 199ஆம் எண் ஒருபோதும் குறையாது. அதனால் மாற்றிய பின் ஏறாமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

செக்டர் கெட்டிருந்தால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டு உபயோக டிஸ்க் கெட்ட இடத்தைப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேலும் போராடும். லினக்ஸோ 30 நொடிதான் பொறுக்கும். பிறகு டிஸ்க்கை ரீசெட் செய்துவிடும். படித்துவிடக்கூடிய செக்டரும் இதனால் கைநழுவும். இருப்பது ஒரே பிரதி என்பதால் டிஸ்க்குக்கு அவகாசம் கொடுங்கள்: லினக்ஸின் காத்திருப்பு நேரத்தை 180 நொடியாக்குங்கள். ரீஸ்டார்ட் செய்தால் இது பழைய அளவுக்கே திரும்பிவிடும், மறுபடி மாற்ற வேண்டும்.

அப்படியும் நகரவில்லையா? ரீபில்ட்டை விட்டுவிடுங்கள். லினக்ஸை நேரடியாக ஓட்டும் லைவ் யூஎஸ்பியில் கணினியைத் திறந்து, மிரரை நிறுத்திவிட்டு, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் 'டிடிரெஸ்க்யூ' மென்பொருள் கொண்டு பழைய டிஸ்க்கை அதே அளவோ பெரியதோ ஆன வெற்று டிஸ்க்குக்கு நகலெடுங்கள். முதல் சுற்றில் நல்ல பகுதிகளை மட்டும், அடுத்த சுற்றில் கெட்ட இடங்களை மூன்று முறை முயலச் சொல்லி. எதுவரை நகலானது என்று அது குறித்துவைக்கும் மேப் கோப்பைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது மூலம், எது நகல் என்பதை டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணோடு ஒப்பிட்டு இரண்டு முறை சரிபாருங்கள். திசை மாறினால் எல்லாம் போய்விடும். நகல் முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால், சேர்ந்து மாட்டினால் மிரர் குழம்பும். நகலை வைத்து மிரரை எழுப்பி, கோப்பு முறைமையைச் சோதித்து, அதற்குப் பிறகே புது டிஸ்க்கைச் சேருங்கள்.

ரீபில்ட் ஓடும் நேரமும் முக்கியம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலோ, பம்புசெட்டுகள் ஓடி வோல்டேஜ் இறங்கும் நேரத்திலோ தொடங்காதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது, கணினி அணைந்துவிடும்.

கெட்ட செக்டர் இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். திறக்காத போட்டோக்கள் இருக்கும் இடத்தை யாரும் படிப்பதே இல்லை. பல லினக்ஸ் பதிப்புகளில் மாதம் ஒருமுறை முழு டிஸ்க்கையும் படித்துப் பார்க்கும் சோதனை நள்ளிரவில் ஓடும்படி அமைந்திருக்கும். இரவில் அணைத்துவிடும் வீட்டுக் கணினியில் அது நடக்காமலே போகலாம். புது மிரர் தயாரானதும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் 'சிங்க் ஆக்‌ஷன்' கோப்பில் 'செக்' என்று நீங்களே எழுதிவிடுங்கள். இரண்டு டிஸ்க்கும் நன்றாக இருக்கும்போது கெட்ட செக்டர் கண்ணில் பட்டால், மிரர் அடுத்த டிஸ்க்கிலிருந்து எடுத்து அந்த இடத்தைத் தானே திருத்தி எழுதிவிடும்.